வளமும் மாசும்: ஒரே மண்ணின் இரண்டு கணக்குகள்

நிலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் "நல்ல மண்", "கெட்டுப்போன மண்" என்ற இரண்டு சொற்களோடு பெரும்பாலும் முடித்துவிடுகிறோம். பயிர் செழித்தால் மண் நன்றாக இருக்கிறது என்கிறோம். விளைச்சல் குறைந்தால் மண் நஞ்சாகிவிட்டது என்கிறோம். இந்தப் பேச்சில் இரண்டு வேறு செய்திகள் ஒன்றோடொன்று கலந்துகிடக்கின்றன. மண்ணின் வளம் ஒன்று. மண்ணில் சேர்ந்த மாசு மற்றொன்று. வளம் கூடினால் மாசு குறையும் என்றோ, விளைச்சல் குன்றிய நிலமெல்லாம் மாசுபட்ட நிலம் என்றோ எந்த விதியும் கிடையாது. சத்து மிகுந்து கறுத்துக் கிடக்கும் காய்கறித் தோட்டத்து மண்ணில் தாமிரமும் துத்தநாகமும் காட்மியம் என்னும் நச்சு உலோகமும் அக்கம்பக்கத்து நிலங்களைவிட மிகுந்திருப்பதும், சத்தில்லாத மேட்டுநிலத்து மண்ணில் மாசு அறவே இல்லாதிருப்பதும் ஆய்வாளர்களுக்குப் பழகிப்போன காட்சிகள்.

இப்படி நேர்வதற்குக் காரணம் நிலத்தின் பிறப்பு மட்டுமன்று. அதை நாம் எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதும் அதே அளவுக்குக் காரணமாகிறது. நெல்வயல், உழுநிலம், மேய்ச்சல் நிலம், காய்கறித் தோட்டம், பழத்தோட்டம் ஆகிய ஒவ்வொன்றும் ஒரே மண்ணை வெவ்வேறு திசையில் இழுத்துச் செல்கிறது. அந்த இழுப்பு எப்படி நடக்கிறது என்பதை வேதியியல் படிக்காதவர்க்கும் விளங்கும்படி சொல்ல முயல்கிறேன்.

சத்தும் நஞ்சும் ஓர் உடலில்

ஒருவர் வேளாவேளைக்கு நல்ல உணவு உண்கிறார்; உடலில் தெம்பு இருக்கிறது; ஆனால் அவர் வீட்டுக்குத் தண்ணீர் வருவது பழைய ஈயக் குழாயில் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய இரத்தத்தில் இரும்புச்சத்து சரியாக இருக்கும், ஈயமும் இருக்கும். இரும்புச்சத்தை மட்டும் அளந்து பார்க்கும் மருத்துவருக்கு ஈயம் கண்ணில் படாது. மண்ணும் அப்படித்தான். நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் ஆகியவற்றைக் காட்டும் வழக்கமான மண் பரிசோதனை அறிக்கை காட்மியத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை, ஏனெனில் அதை யாரும் அங்கே தேடவில்லை.

பயிருக்கு வேண்டிய ஊட்டங்களை வேண்டிய வேளையில், நீரோடும் காற்றோடும் சேர்த்து, வேருக்கு எட்டும் வடிவில் கொடுக்கும் திறனையே மண்வளம் என்கிறோம். மாசு என்பது, மண்ணுக்கு வெளியிலிருந்து வந்து சேர்ந்து, பயிருக்கோ, மண்ணில் வாழும் உயிர்களுக்கோ, விளைந்ததை உண்பவர்க்கோ, நிலத்தடி நீருக்கோ தீங்கு செய்யும் அளவை எட்டிய பொருள். இந்த வரையறையில் "அளவு" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். எந்தப் பாறை சிதைந்து மண்ணாயிற்றோ அந்தப் பாறையிலிருந்த ஈயமும் தாமிரமும் துத்தநாகமும் சிறிதளவு அந்த மண்ணில் இருந்தே தீரும். இந்தப் பிறவிக் கையிருப்பை இயல்பளவு என்பர். ஆகவே "மண்ணில் ஈயம் கண்டுபிடிக்கப்பட்டது" என்ற செய்தி, இயல்பளவு எவ்வளவு, கண்டது எவ்வளவு என்று சொல்லாதவரை, எதையும் சொல்லாத செய்தி. தாமிரமும் துத்தநாகமும் சிறிதளவில் பயிருக்கு ஊட்டம், மிகுதியில் நஞ்சு என்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது.

மண் ஒரு கிடங்கு

வளத்தையும் மாசையும் ஒரே மண் எப்படித் தாங்குகிறது என்பதற்கு அதன் உள்ளமைப்பைப் பார்க்க வேண்டும். நன்றாக அமைந்த மேல்மண்ணின் கன அளவில் ஏறத்தாழப் பாதிதான் திடப்பொருள். மீதிப் பாதி இடைவெளி, அதை நீரும் காற்றும் பங்கிட்டுக்கொள்கின்றன. திடப்பொருளில் பெரும்பகுதி மணல், வண்டல், களி என்ற மூன்று அளவிலான கனிமத் துகள்கள். மிகச் சிறியது களி. அதன் துகள் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. அவ்வளவு சிறியதாக இருப்பதால் சில களிவகைகளில் ஒரே ஒரு கிராமின் மொத்தப் பரப்பு சில நூறு சதுர மீட்டர் வரும். இவற்றோடு, செடிகொடிகளும் சாணமும் நுண்ணுயிர்களும் மக்கி எஞ்சிய கறுப்புப் பொருளான மட்கும் கலந்திருக்கிறது.

களியின் பரப்பும் மட்கின் பரப்பும் எதிர்மின்னூட்டம் கொண்டவை. கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம், அம்மோனியம் போன்ற ஊட்டங்கள் நீரில் கரையும்போது நேர்மின்னூட்டம் கொண்ட துகள்களாகின்றன. எதிரெதிர் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று ஈர்ப்பதால் அவை களியிலும் மட்கிலும் ஒட்டிக்கொள்கின்றன. மழை பெய்தாலும் அடித்துச் செல்லப்படுவதில்லை. வேர் தன் பக்கத்திலிருந்து ஹைட்ரஜன் துகளைக் கொடுத்து அவற்றை மாற்றி வாங்கிக்கொள்கிறது. இந்தப் பிடித்துவைக்கும் திறனுக்கு நேர்மின் பரிமாற்றத் திறன் என்று பெயர். பெயர் நீளமானாலும் பொருள் எளிது: கிடங்கில் எத்தனை அடுக்குகள் உள்ளன என்பதே கேள்வி. எடைக்கு எடை பார்த்தால் மட்கில் உள்ள அடுக்குகள் களியில் உள்ளவற்றைவிட மிக அதிகம். மணலில் அநேகமாக அடுக்கே கிடையாது. அதனால்தான் மணற்பாங்கான நிலத்தில் போட்ட உரம் ஒரு பெருமழைக்குக் காணாமல் போகிறது.

இங்கேதான் கட்டுரையின் மையம் இருக்கிறது. காட்மியமும் ஈயமும் தாமிரமும் கூட நேர்மின்னூட்டத் துகள்களே. கிடங்கின் அடுக்குக்கு வந்து சேரும் சரக்கு கால்சியமா காட்மியமா என்ற பேதம் தெரியாது. எந்தக் குணத்தால் ஒரு மண் வளமான மண்ணாகிறதோ அதே குணத்தால் அது மாசையும் இறுகப் பிடித்து வைக்கிறது. மணல் நிலம் மாசைக் கீழே விட்டுவிடுகிறது, பழி நிலத்தடி நீரின் தலையில் விழுகிறது. களியும் மட்கும் நிறைந்த நிலம் மாசை மேலடுக்கிலேயே தேக்குகிறது.

இதுவரை சொன்னதன் சுருக்கம் இவ்வளவே: மண் ஒரு கிடங்கு, களியும் மட்கும் அதன் அடுக்குகள், அடுக்கு ஊட்டத்தையும் நஞ்சையும் ஒரே கையால் வாங்கி வைக்கிறது. நிலப் பயன்பாடு என்பது இந்தக் கிடங்குக்குள் என்ன வருகிறது, எது வெளியே போகிறது, அடுக்குகள் எத்தனை முறை கலைக்கப்படுகின்றன, உள்ளே நீர் நிற்கிறதா காற்று உலவுகிறதா என்பவற்றைத் தீர்மானிக்கும் ஏற்பாடு.

உழுநிலமும் புல்நிலமும்: ஒரு குவளைத் தண்ணீரில் தெரியும் வேறுபாடு

பல ஆண்டுகளாக உழப்படாத புல்நிலத்திலிருந்து ஒரு மண்கட்டியையும், ஆண்டுதோறும் பலமுறை உழப்படும் அடுத்த வயலிலிருந்து ஒரு கட்டியையும் எடுத்து நிழலில் காயவைத்து, இரண்டு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் மெல்ல இறக்கிப் பாருங்கள். உழுநிலத்துக் கட்டியிலிருந்து குமிழிகள் கிளம்பும், ஓரங்கள் உதிரும், சில நிமிடங்களில் அது சேறாகிக் குவளையின் அடியில் படிந்துவிடும், மேலே நிற்கும் நீர் கலங்கியிருக்கும். புல்நிலத்துக் கட்டி ஈரமாகும், ஆனால் உருக்குலையாது. அரைமணி நேரம் கழித்தும் அதைக் கையால் எடுக்க முடியும். இரண்டிலும் களியும் மணலும் ஒரே விகிதத்தில் இருக்கலாம். வேறுபாடு, துகள்களைப் பிணைத்து வைக்கும் பசையில் இருக்கிறது. நுண்வேர்களும், பூஞ்சை இழைகளும், நுண்ணுயிர்கள் சுரக்கும் பிசினும், மட்கும் சேர்ந்ததே அந்தப் பசை.

உழவு கட்டிகளை உடைக்கும்போது அதுவரை கட்டிக்குள் பொதிந்து கிடந்த மட்குக்குக் காற்று கிடைக்கிறது. நுண்ணுயிர்கள் அதைத் தின்று கரியமில வாயுவாக மாற்றுகின்றன. அந்த வேளையில் நைட்ரஜனும் வெளிப்படுவதால் புதிதாக உழுத நிலம் முதல் சில ஆண்டுகள் அள்ளிக் கொடுக்கிறது. இதைப் பார்த்து "உழவு வளத்தைக் கூட்டுகிறது" என்று முடிவு கட்டுவது, சேமிப்பை எடுத்துச் செலவழிப்பவரைச் சம்பாதிப்பவர் என்று எண்ணுவதற்கு ஒப்பாகும். காட்டையோ புல்வெளியையோ உழுநிலமாக்கினால் மேல்மண்ணிலுள்ள அங்ககக் கரிமத்தில், அதாவது மட்கு வடிவில் உள்ள கரிமத்தில், கால்பங்கு முதல் பாதி வரை சில பத்தாண்டுகளில் குறைந்துபோவது உலகின் பல பகுதிகளில் அளந்து அறியப்பட்டுள்ளது.

அறுவடை இன்னொரு செலவு. ஒரு டன் கோதுமை மணி நிலத்தை விட்டு வெளியேறும்போது ஏறத்தாழ 20 கிலோ நைட்ரஜனும் அதோடு போகிறது. மேய்ச்சல் நிலத்தில் கால்நடை தின்ற புல்லின் சத்தில் பெரும்பகுதி சாணமாகவும் மூத்திரமாகவும் அதே நிலத்துக்குத் திரும்பிவிடுகிறது. ஆனால் அது சீராகத் திரும்புவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்: ஒரு மாடு மூத்திரம் பெய்த திட்டில் நைட்ரஜனின் செறிவு ஹெக்டேருக்கு 500 கிலோ போட்டதற்கு ஈடாகவோ அதற்கு மேலோ இருக்கும், அவ்வளவையும் புல் உறிஞ்ச முடியாது, எஞ்சியது நைட்ரேட்டாக மாறும். நைட்ரேட் எதிர்மின்னூட்டம் கொண்டது, கிடங்கின் அடுக்கு அதைப் பிடிக்காது, மழையோடு கீழிறங்கிக் கிணற்றுக்குப் போய்ச் சேரும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது உலகச் சுகாதார அமைப்பின் வரம்பு. பசுமையான மேய்ச்சல் நிலத்துக்கும் ஒரு மாசுக் கணக்கு உண்டு.

இந்தக் கணக்குகளை நீண்ட காலம் பார்த்து வைத்திருக்கும் இடம் இங்கிலாந்திலுள்ள ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையம். அங்கே பிராட்பாக் என்னும் வயலில் 1843 முதல் இன்றுவரை கோதுமை பயிரிடப்பட்டு வருகிறது. ஒரு பாத்திக்கு எந்த உரமும் இல்லை. ஒன்றுக்கு ஆண்டுதோறும் ஹெக்டேருக்கு 35 டன் தொழுவுரம். வேறு பாத்திகளுக்கு ரசாயன உரம். தொழுவுரம் பெற்ற பாத்தியின் கரிமம் உரமில்லாத பாத்தியில் உள்ளதைப்போல் இரு மடங்குக்கு மேல். அந்த நிலையத்தின் சிறப்பு வேறொன்றிலும் இருக்கிறது: பல்வேறு ஆண்டுகளில் எடுத்த மண் மாதிரிகளைப் புட்டிகளில் அடைத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். பிற்காலத்தில் அவற்றை ஆய்ந்தபோது, எந்த உரமும் போடாத பாத்திகளின் மண்ணிலும் காட்மியம் காலப்போக்கில் ஏறியிருந்தது தெரியவந்தது. ஆலைப் புகையும் நிலக்கரிப் புகையும் காற்றில் கொண்டுவந்து இறக்கியது அது. ஒன்றும் போடாமல் விட்ட நிலம் மாசில்லாத நிலம் என்ற எண்ணத்தை இந்தப் புட்டிகள் மறுக்கின்றன.

நீர் நிற்கும் வயல்

நெல்வயலின் கதை முற்றிலும் வேறு. நீரினூடே ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு குறைவு. வயலில் நீர் கட்டிய சில நாட்களுக்குள் மண்ணுக்குள்ளிருந்த ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் தீர்த்துவிடுகின்றன. மூச்சுவிட வேறு வழி தேடும் நுண்ணுயிர்கள் முதலில் நைட்ரேட்டையும் பிறகு மாங்கனீசையும் இரும்பையும் ஆக்சிஜனுக்குப் பதிலாகப் பயன்படுத்துகின்றன. இந்த நிலைக்கு ஒடுக்க நிலை என்று பெயர். காற்று இல்லாததால் மட்கு மெதுவாகவே சிதைகிறது. அதனால் நீண்டகால நெல்வயல்களில் கரிமம் அடுத்துள்ள புன்செயைவிடக் கூடுதலாக இருப்பது வழக்கம். அமிலத் தன்மை தணிந்து மண் நடுநிலையை நெருங்குகிறது. இரும்போடு ஒட்டிக் கிடந்த பாஸ்பரஸ் விடுபட்டுப் பயிருக்குக் கிடைக்கிறது. வளத்தின் பக்கம் பார்த்தால் எல்லாம் நன்மையே.

விளைந்து நிற்கும் நெல்லின் அடிமண்ணை மண்வெட்டியால் ஒரு பாளம் வெட்டிப் பார்த்தால் இந்த வேதியியல் கண்ணுக்கே தெரியும். மண் சாம்பல் நிறத்திலோ நீலம் கலந்த கருமையிலோ இருக்கும்; அதனூடே வேர் ஓடிய இடமெல்லாம் செம்பழுப்புக் கோடுகள் இழைந்திருக்கும். நெல் தன் தண்டின் காற்றறைகள் வழியே வேருக்கு ஆக்சிஜன் அனுப்புகிறது. வேரைச் சுற்றிக் கசியும் அந்த ஆக்சிஜன் அங்குள்ள இரும்பைத் துருவாக்குகிறது. கோடுகள் அந்தத் துருவே.

துருவுக்கும் மாசுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. காற்றுள்ள மண்ணில் ஆர்சனிக் என்னும் நச்சுத் தனிமம் இரும்புத் துருவோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். நீர் கட்டியதும் துரு கரைகிறது, ஆர்சனிக் விடுபடுகிறது. விடுபட்ட ஆர்சனிக்கின் வடிவம் நெல் விரும்பி உறிஞ்சும் சிலிக்காவைப் போலவே இருப்பதால், சிலிக்காவுக்காக வேரில் திறந்துவைத்திருக்கும் அதே வாயில் வழியே அது உள்ளே நுழைந்துவிடுகிறது. காட்மியம் இதற்கு நேர்மாறு. நீர் நிற்கும்போது அது கந்தகத்தோடு சேர்ந்து கரையாத பொருளாகி அடங்கிக் கிடக்கும். கதிர் முற்றும் பருவத்தில் நீரை வடித்து மண்ணைக் காயவிட்டால் விடுபட்டு மணிக்குள் ஏறும். ஆகவே ஒரே வயலில் நீரைக் கட்டினால் ஆர்சனிக்கும் வடித்தால் காட்மியமும் தலைதூக்குகின்றன. மண்ணில் இருக்கும் மொத்தம் மாறவில்லை. நீர் மேலாண்மை மட்டுமே மாறியது. உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் ஆணையம் தீட்டிய அரிசிக்குக் கனிம ஆர்சனிக்கில் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், காட்மியத்தில் 0.4 மில்லிகிராம் என வரம்பிட்டுள்ளது. ஜப்பானின் ஜின்சு ஆற்றுப் படுகையில், மேலே இருந்த சுரங்கத்தின் கழிவு ஆற்றில் கலந்து வயல்களுக்குப் பாய்ந்ததால் அரிசியில் காட்மியம் ஏறி, உண்டவர்களின் எலும்புகள் வலுவிழந்து முறியும் கொடிய நோய் பரவியது. 1968-இல் அந்நாட்டு அரசு அதை மாசினால் வந்த நோய் என்று ஏற்றது. அந்த வயல்கள் வெளிப்பார்வைக்கு வளமானவையாகவே இருந்தன.

சுருங்கச் சொன்னால், நீர் நிற்கும் வயல் மட்கைக் காக்கிறது, ஊட்டத்தை விடுவிக்கிறது. எந்த நஞ்சை அடக்குவது, எந்த நஞ்சை அவிழ்ப்பது என்பதையும் நீரே தீர்மானிக்கிறது.

காய்கறித் தோட்டமும் பழத்தோட்டமும்

ஓராண்டில் இரண்டு, மூன்று, நான்கு முறை அறுவடை செய்யும் காய்கறித் தோட்டத்துக்கு வரவும் அதிகம், செலவும் அதிகம். தொழுவுரமும் கோழி எருவும் ரசாயன உரமும் தாராளமாகப் போடப்படுவதால் கரிமமும் பாஸ்பரஸும் ஏறுகின்றன. அம்மோனிய உரம் நைட்ரேட்டாக மாறும்போது ஹைட்ரஜன் துகள்கள் வெளிப்பட்டு மண்ணை அமிலமாக்குகின்றன. மழை படாத பசுமைக்குடில் என்றால், கழுவிச் செல்ல நீர் இல்லாததால் உப்பும் மேலே தங்குகிறது.

பாஸ்பேட் பாறையில் இயற்கையாகவே காட்மியம் கலந்திருப்பதால் அதிலிருந்து செய்த உரத்திலும் அது வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 முதல் நடப்பிலுள்ள வரம்பு, உரத்திலுள்ள ஒரு கிலோ பாஸ்பரஸ் பென்டாக்சைடுக்கு (உரத்தின் பாஸ்பரஸை வழக்கமாகக் கணக்கிடும் வடிவம் இது) 60 மில்லிகிராம் காட்மியம். அந்த உச்ச அளவிலான உரத்தை ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 50 கிலோ பென்டாக்சைடு வரும்படி போட்டால் நிலத்துக்கு 3 கிராம் காட்மியம் சேரும். ஒரு ஹெக்டேரில் 20 சென்டிமீட்டர் ஆழம் வரை உள்ள மண்ணின் எடை சுமார் 2,600 டன். எனவே கிலோ மண்ணுக்கு ஓராண்டில் ஏறுவது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு மில்லிகிராம். மிகச் சிறிது என்று தோன்றும், உண்மையிலேயே சிறிதுதான். ஆனால் உலோகம் மக்குவதில்லை, ஆவியாவதில்லை, பயிர் எடுத்துச் செல்வதும் சொற்பம். உரத்தை ஆறு மடங்கு போடும் தோட்டத்தில் இந்தச் சேர்க்கையும் ஆறு மடங்கு. பூச்சிக்கொல்லிகள் பலவும் வாரங்களிலோ மாதங்களிலோ சிதைந்துவிடும், டி.டி.டி. போன்றவை ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். உலோகத்துக்குச் சிதைவு என்பதே கிடையாது.

எரு என்றால் தூய்மை, ரசாயனம் என்றால் மாசு என்ற பிரிப்பும் இங்கே நிற்காது. பண்ணைகளில் பன்றிக்கும் கோழிக்கும் கொடுக்கும் தீவனத்தில் தாமிரமும் துத்தநாகமும் சேர்க்கப்படுகின்றன. உடல் எடுத்துக்கொள்வது குறைவு. மீதி எருவில் வருகிறது. எருவின் நன்மைகளை நான் மறுக்கவில்லை, பிராட்பாக் பாத்தியே அதற்குச் சாட்சி. எந்தக் கொட்டிலிலிருந்து வந்த எரு என்று கேட்க வேண்டும் என்பதே என் கருத்து.

பழத்தோட்டத்திலும் திராட்சைத் தோட்டத்திலும் உழவு குறைவு, இலைச்சருகு நிலத்திலேயே விழுகிறது. வளத்துக்கு அது நல்லது. ஆனால் அதே மரத்துக்கு, அதே இடத்தில், ஆண்டுக்குப் பல முறை மருந்து தெளிக்கப்படுகிறது. மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து செய்யும் போர்டோ கலவை 1885-இல் பிரான்சில் மில்லர்டே என்ற தாவரவியலாளரால் அறிவிக்கப்பட்டது. வழிப்போக்கர்கள் பழத்தைப் பறிக்காதிருக்கச் சாலையோரக் கொடிகளில் தெளித்து வைத்த கலவை பூஞ்சை நோயையும் தடுத்ததை அவர் கவனித்ததே அதற்குத் தொடக்கம். மயில்துத்தம் என்பது தாமிரத்தின் உப்பு. அங்கக வேளாண்மையிலும் இது அனுமதிக்கப்பட்ட மருந்து. ஐரோப்பிய ஒன்றியம் இன்று ஏழு ஆண்டுகளுக்கு ஹெக்டேருக்கு மொத்தம் 28 கிலோ தாமிரம் என்று வரம்பிட்டுள்ளது, அதாவது ஆண்டுக்குச் சராசரி 4 கிலோ. மேலே கண்ட 2,600 டன் கணக்கைக் கொண்டு பார்த்தால் கிலோ மண்ணுக்கு ஆண்டுக்கு ஒன்றரை மில்லிகிராம், இருபது ஆண்டுகளில் 30 மில்லிகிராம். பல மண்களின் இயல்பளவே அவ்வளவுதான் இருக்கும். அதுவும் உழாத தோட்டத்தில் தாமிரம் 20 சென்டிமீட்டருக்குச் சீராகப் பரவாமல் மேலே சில சென்டிமீட்டரில் குவிவதால், மண்புழு வாழும் அடுக்கில் செறிவு இன்னும் கூடுதல். ஐரோப்பிய மேல்மண்ணைப் பற்றி 2018-இல் வெளியான ஆய்வில் தாமிரத்தின் பொதுச் சராசரி கிலோவுக்குச் சுமார் 17 மில்லிகிராம். திராட்சைத் தோட்டங்களில் சுமார் 49.

பாசன நீர் விட்டுச் செல்லும் உப்பு

கெண்டியில் திரும்பத் திரும்ப நீர் காய்ச்சினால் அடியில் வெள்ளைப் படிவு சேர்வதைப் பார்த்திருப்போம். வயலிலும் நீர் ஆவியாகிறது, உப்பு தங்குகிறது. லிட்டருக்கு அரை கிராம் உப்புள்ள நீரைக் குடித்தால் நாக்குக்குக்கூடப் பெரிதாகத் தெரியாது. அந்த நீரை ஒரு ஹெக்டேருக்கு ஆண்டில் பத்தாயிரம் கனமீட்டர் பாய்ச்சினால் வந்து சேரும் உப்பு 5 டன். வடிகால் இருந்தால் அது கழுவப்பட்டுப் போகும். இல்லாவிட்டால் நிலம் உவராகும். சாக்கடை நீரோ ஆலைக் கழிவு கலந்த நீரோ பாயும் நிலத்தில் உப்போடு உலோகமும் ஏறுகிறது. அந்த நீரில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் இருப்பதால் பயிர் கொழுகொழுவென்று வளர்ந்து பார்ப்பவரை ஏமாற்றிவிடும்.

இருப்பது வேறு, எட்டுவது வேறு

மண்ணில் ஒரு பொருள் மொத்தமாக எவ்வளவு இருக்கிறது என்பதும், அதில் எவ்வளவு வேருக்கு எட்டுகிறது என்பதும் இரண்டு எண்கள். பெட்டிக்குள் பூட்டிய பணத்துக்கும் கையிலுள்ள பணத்துக்கும் உள்ள வேறுபாடு இது. பெட்டியைத் திறக்கும் சாவிகளில் முதன்மையானது கார அமில நிலை (pH). அது ஒரு அலகு இறங்கினால் அமிலத்தின் செறிவு பத்து மடங்காகும். பெரும்பாலான பயிர்களுக்கு 6 முதல் 7 வரை ஏற்றது, 5.5-க்குக் கீழே போனால் களியிலிருந்து அலுமினியம் கரைந்து வேர்நுனியைத் தாக்கத் தொடங்கும். காட்மியமும் துத்தநாகமும் கிடங்கின் அடுக்கை விட்டு இறங்கிப் பயிருக்குள் போகும். உரத்தால் அமிலமான தோட்டத்தில் சுண்ணாம்பு இட்டு நிலையை உயர்த்தினால், ஒரு கிராம் காட்மியத்தைக்கூட வெளியேற்றாமலேயே கீரையில் ஏறும் காட்மியத்தைக் குறைக்க முடியும். ஆர்சனிக்குக்கு இந்த வழி பொருந்தாது, ஏனெனில் மண்ணில் அதன் மின்னூட்டம் வேறு. கார நிலை உயர்ந்தால் அது மேலும் இளகக்கூடும்.

பயிரும் ஒரு சாவி. கீரை வகைகளும் கிழங்குகளும் காட்மியத்தை எளிதில் ஏற்றுக்கொள்ளும். மரத்தில் காய்க்கும் பழங்களுக்கு அது அவ்வளவாகப் போய்ச் சேராது. ஈயம் பெரும்பாலும் வேரோடு நின்றுவிடும். அதன் ஆபத்து இலையிலும் கிழங்கிலும் ஒட்டிவரும் மண்ணில் இருக்கிறது, கழுவுவதும் தோல் சீவுவதும் அதைக் குறைக்கும்.

பயன்பாடு மாறும்போது

நிலம் கைமாறினாலும் கிடங்கின் பழைய இருப்பு அப்படியே தொடரும். புல்நிலத்தை உழுதால் நைட்ரேட் வெள்ளமாகக் கிளம்பும். நெல்வயலை வடித்துக் காய்கறிக்கு மாற்றினால் அடங்கிக் கிடந்த காட்மியம் எழும், ஆர்சனிக் அடங்கும். அமெரிக்காவில் 1890-கள் முதல் 1940-களின் இறுதி வரை ஆப்பிள் தோட்டங்களில் பூச்சிக்கு ஈய ஆர்சனேட் தெளித்தார்கள். அந்த மரங்கள் வெட்டப்பட்டு நிலம் வேறு பயிருக்கும் வீட்டுமனைக்கும் மாறிய பின்னும், ஈயமும் ஆர்சனிக்கும் மேல்மண்ணிலேயே கிடப்பது இன்றும் அளவிடப்படுகிறது.

இதனால் மண் மாதிரி எடுக்கும் முன் முதலில் கேட்க வேண்டியது, இந்த நிலத்தில் முன்பு என்ன இருந்தது என்பதே. நிலத்தின் குறுக்கும் நெடுக்குமாகப் பதினைந்து இருபது இடங்களில் எடுத்த மண்ணைக் கலந்து ஒரு மாதிரியாக்குவது பொது வழக்கம். வரப்போரம், எருக்குவியல் இருந்த இடம், மரநிழல் ஆகியவற்றை விட்டுவிடுவார்கள். உழுநிலத்துக்கு 15 அல்லது 20 சென்டிமீட்டர் ஆழம் போதும். பழைய பழத்தோட்டம் என்றால் மேலே உள்ள ஐந்து சென்டிமீட்டரைத் தனியாக ஒரு பையிலும் அதன் கீழே உள்ளதை வேறொரு பையிலும் எடுக்க வேண்டும். இரண்டையும் கலந்துவிட்டால் மேலடுக்கில் குவிந்த தாமிரமும் ஈயமும் கீழ்மண்ணோடு கலந்து நீர்த்துப்போய், அறிக்கையில் இயல்பளவாகத் தெரியும். ஆய்வகத்துக்கு அனுப்பும் தாளில் ஊட்டங்களோடு ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்களையும் பார்க்கும்படி எழுதிக் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் பார்க்கமாட்டார்கள்.